சரிபார்த்துத் தீராத மனம்

ஓசிடி நோயும் உருவக் கவலையும் திருப்பூரில் கவனம் என்றும் மினுக்கு என்றும் பெயர் மாறி மறைந்து கிடக்கின்றன. மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குத்தான் அவற்றின் கதவு திறக்கவில்லை.

பனியன் கம்பெனியில் தையல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷின் நிற்கும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் டெய்லருக்குப் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டில் உள்ள பீஸ்கள் ஒதுக்கப்படும். பேக்கிங்குக்கு முன் உடுப்புகள் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்குள் போய் வர வேண்டும். குழந்தையின் உடுப்பில் ஊசிமுனை தங்கிவிடக் கூடாது என்பதற்காக வெளிநாட்டு பையர்கள் கேட்கும் ஒழுங்கு இது. திருப்பூர் அதைக் கற்றுத் தேர்ந்திருக்கிறது. இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு முடிவு உண்டு. துண்டு கிடைத்தது, கையெழுத்து விழுந்தது, அடுத்த பீஸை எடுக்கலாம். ஓசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோய் ஒருவரிடமிருந்து பறித்துக்கொள்வது இந்த முடிவைத்தான். சுவிட்சை அணைத்ததைக் கண் பார்த்திருக்கும், கை உணர்ந்திருக்கும். ஆனாலும் ‘அணைத்தாயா?’ என்று மனம் கேட்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு நிமிடம் அமைதி. பிறகு அதே கேள்வி.

இந்த நோயில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கூப்பிடாமல் வந்து போக மறுக்கும் எண்ணம்: கையில் அழுக்கு, பூட்டாத கதவு, சாமியைப் பற்றி வரக் கூடாத ஒரு சொல், பெற்ற குழந்தைக்கே தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயம். மற்றொன்று, அந்த எண்ணம் கிளப்பும் பதற்றத்தைத் தணிப்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்: கழுவுவது, எண்ணுவது, சரிபார்ப்பது, மனதுக்குள் மந்திரம் சொல்வது, ‘ஒண்ணும் ஆகாதில்ல?’ என்று பக்கத்தில் இருப்பவரை ஓயாமல் கேட்பது. ஸ்டான்லி ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இதே வகை எண்ணங்கள் வருகின்றன என்று காட்டியது. வந்த எண்ணம் மற்றவர்களுக்குத் தானாகக் கலைந்துவிடுகிறது. நோயாளிக்கோ அது தன் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகத் தங்கிவிடுகிறது. குழந்தைக்குத் தன்னால் தீங்கு வந்துவிடுமோ என்று நடுங்கும் தாய் கொடியவள் அல்ல. அந்த எண்ணத்தை அவள் அத்தனை வெறுப்பதால்தான் அது அவளை விடாமல் பிடிக்கிறது. இதை யாரும் அவளிடம் சொல்லாததால், அவளும் யாரிடமும் சொல்வதில்லை.

ஓசிடிக்கு மிக நெருங்கிய இன்னொரு நோயான உருவக் குறை நோய் உடலின் தோற்றத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிதாகத் தெரியும் ஒரு குறையை மூக்கிலோ தோலிலோ முடியிலோ பல்வரிசையிலோ கண்டு, நாளின் பல மணி நேரத்தை அதற்கே கொடுத்துவிடுவது இதன் இயல்பு. இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே இதைப் பதிவு செய்தார். ஆனாலும் நீண்ட காலம் மருத்துவம் இதை நோய்ப்பயத்தின் ஒரு வகையாகவே வைத்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டிலும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாட்டிலும்தான் இது ஓசிடியோடு ஒரே குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. கண்ணாடியை நாற்பது முறை பார்ப்பவரும் பூட்டை நாற்பது முறை இழுத்துப் பார்ப்பவரும் ஒரே சுழலில் சிக்கியவர்கள். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளரும், குறையாது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இந்த இரு நோய்களும் திருப்பூர் போன்ற உழைப்பு நகரத்தில் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அவை அரிதாக இருப்பது அல்ல. ஒன்று நற்குணம் போலத் தெரிகிறது, மற்றொன்று துர்க்குணம் போலத் தெரிகிறது. கழுவுபவரும் சரிபார்ப்பவரும் ‘கவனமான ஆள்’ என்று பாராட்டப்படுகிறார்கள், கண்ணாடி முன் நிற்பவர் ‘மினுக்கு’ என்று ஏசப்படுகிறார். பாராட்டும் ஏச்சும் சேர்ந்து இருவரையும் மருத்துவரிடமிருந்து தள்ளி வைக்கின்றன. அதையும் மீறிக் கிளம்புபவரை மருத்துவமனையின் நேரம் திருப்பி அனுப்பிவிடுகிறது.

எத்தனை பேர்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் ஏறத்தாழ 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி இருப்பதாகக் கண்டது. வாழ்நாளில் எப்போதாவது இந்நோய் வந்தவர்களைக் கணக்கிடும் பிற நாட்டு ஆய்வுகள் 2 சதவீதத்தை ஒட்டிய எண்களைத் தருகின்றன. உருவக் குறை நோய்க்கும் மேலைநாட்டு ஆய்வுகள் ஏறத்தாழ அதே அளவைச் சொல்கின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் நேரடியாக வேலை செய்வோர் சுமார் 6 லட்சம் பேர் என்று தொழில் துறையினர் சொல்கிறார்கள். குறைந்த எண்ணான 0.8 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும், ஓசிடியோடு மட்டும் ஏறத்தாழ 4,800 பேர் இங்கே வேலைக்கு வந்து போகிறார்கள். இது மனக்கணக்கு, கணக்கெடுப்பு அல்ல. ஆனாலும் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியின் எல்லா ஷிஃப்டையும் நிரப்பக்கூடிய கூட்டம் இது. பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் அதே நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பு சொன்னது. மற்ற மனநோய்களைவிட அதிகமாக ஒளித்து வைக்கப்படும் நோய் ஓசிடி என்பதால், இந்த இடைவெளி இங்கே குறைவாக இருக்க வழியில்லை.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. 2024-25இல் அதன் மதிப்பு ₹40,000 கோடியைத் தாண்டியது. இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் ஷரத் சாரி. 2004இல் வெளிவந்த அவரது நூல், தொழிலாளிகளாகத் தொடங்கி முதலாளிகளான கொங்கு வேளாளக் கவுண்டர்கள் தங்கள் வெற்றிக்குக் காரணமாக ‘உழைப்பு’ என்பதையே முன்வைத்ததை விரிவாக ஆராய்கிறது. அந்தப் பெருமைக்கு அடித்தளம் உண்டு. ஆனால் உழைப்பை எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைக்கும் ஊரில், உள்ளுக்குள் படும் பாட்டுக்கு இடம் சுருங்கிவிடுகிறது. ‘வேலை பாத்தா சரியாப் போகும்’ என்பது இங்கே ஆறுதலாகவும் அறிவுரையாகவும் மருந்தாகவும் சொல்லப்படுகிறது. செக்கிங் மேசையில் இருப்பவர் ஒரே பீஸை மூன்று முறை புரட்டினால் சூப்பர்வைசருக்கு அது தவறாகவே தெரியாது, டேமேஜ் தப்பாமல் பிடிக்கும் கையாகத்தான் தெரியும். டார்கெட் தவறத் தொடங்கும்போதுதான் கேள்வி வரும். அப்போதும் ‘ஏன் லேட்?’ என்பதோடு கேள்வி நின்றுவிடும்.

ஹாஸ்டல் வாழ்க்கை இந்த மறைவை இன்னும் கூட்டுகிறது. பல்லடம், உடுமலை, அவிநாசி வட்டாரங்களின் நூல் மில்களிலும், ஏற்றுமதிக் கம்பெனிகளின் விடுதிகளிலும் பல பேர் ஒரே அறையில், சிலவே உள்ள குளியலறைகளுக்கு வரிசையில் நின்று வாழ்கிறார்கள். சொந்த வீட்டில் ஒரு மணி நேரம் கழுவும் பெண்ணைக் குடும்பம் முணுமுணுப்போடு பொறுத்துக்கொள்ளும். விடுதியில் கதவு தட்டப்படும், வார்டன் திட்டுவார், உடன் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். கழுவ முடியாதபோது சடங்கு உள்ளே போகிறது. மனதுக்குள் எண்ணுவதும் மனதுக்குள் மந்திரம் சொல்வதுமாக மாறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஆள் அமைதியாகிவிட்டார், உள்ளே நோய் முற்றிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அனுப்பர்பாளையத்திலோ பெருமாநல்லூர்ச் சாலையிலோ அறை எடுத்துத் தங்கும் இளைஞருக்கு இதைச் சொல்லிக்கொள்ள மொழியும் கிடையாது.

உடலின் மேல் விழும் கண்கள்

உடலைப் பற்றிய கவலை எல்லாமே நோய் அல்ல. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளாவிட்டால், சமூகம் செய்த காயத்துக்குத் தனிமனிதரின் மூளையைக் குற்றம் சொல்லிவிடுவோம். கறுப்பாக இருக்கும் பெண்ணை நிறம் சொல்லிக் கேலி செய்வது, நிறத்தின் பின்னால் சாதியை வைத்துப் பார்ப்பது, பெண் பார்க்க வந்த வீட்டார் ‘கொஞ்சம் மாநிறமா இருந்தா பரவால்ல’ என்று சொல்லிவிட்டுப் போவது ஆகியவை நோய்கள் அல்ல, அநீதிகள். மேற்கு மாவட்டங்களின் மில்களில் பெரிதும் பரவியிருந்த சுமங்கலித் திட்டம் தன் பெயரிலேயே திருமணத்தை வைத்திருந்தது. சுமார் மூன்று ஆண்டுகள் விடுதியில் அடைந்து வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்பதே அது காட்டிய ஆசை. வறுமையும் வரதட்சணையும் அனுப்பி வைத்த அந்த வயதுப் பெண்களுக்கு, உடல் ஒரே சமயத்தில் கூலி சம்பாதிக்கும் கருவியாகவும் கல்யாணச் சந்தையில் எடை போடப்படும் பொருளாகவும் இருந்தது.

வேலைத்தளம் அந்த உடலை எப்படிப் பார்த்தது என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் ஒரு விரிவான செய்தியை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயர் அச்சிடாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். வலி உற்பத்திக்குத் தடை, மாத்திரை அந்தத் தடையை நீக்கும் வழி. உடல் சொல்வதைக் கேட்காமல் அதை அடக்குவது ஒழுங்காகிவிட்ட இடத்தில், மனம் சொல்வதை யார் கேட்பார்?

இந்த மண்ணில்தான் உருவக் குறை நோய் முளைக்கிறது. மரபணு, மூளையின் இயக்கம், சிறுவயதுக் கேலி, கொடுமைகள் எனப் பல காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. பனியன் அளவெடுப்பில் ஒவ்வொரு அளவுக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று டாலரன்ஸ் கொடுப்பார்கள். தன் முகத்துக்கு அந்தச் சலுகையைத் தர முடியாத நிலைதான் இந்த நோய். நோய் வந்தவர் மனநல மருத்துவரிடம் போவதில்லை. தோல் மருத்துவரிடம், பல் மருத்துவரிடம், முடி நடும் நிலையத்துக்கு, அதற்கும் காசு இல்லாதவர் மருந்துக் கடைக்குப் போகிறார். கடையில் வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பு முதலில் முகத்தை வெளுக்க வைக்கும். பிறகு தோலை மெலியவைத்து, சிவக்கவைத்து, பருவையும் முடியையும் கிளப்பும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எச்சரித்த பிறகு, 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. 1975இல் சந்தைக்கு வந்த ஒரு புகழ்பெற்ற சிவப்பழகு கிரீம் 2020இல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. சட்டமும் பெயரும் மாறிய அளவுக்கு ஆசையும் அவமானமும் மாறவில்லை.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. முடி கொட்டுவது, மீசை அடர்த்தியில்லாதது, நெஞ்சு ஒல்லியாக இருப்பது எல்லாம் அவர்களைத் தின்கின்றன. தசை போதவில்லை என்ற தீராத எண்ணத்தையும் இந்நோயின் ஒரு வடிவமாக 1990களிலேயே ஆய்வாளர்கள் விவரித்தார்கள். 2016 மே மாதம் சென்னையில் முடி பதிக்கும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு இந்த நோய் இருந்தது என்பதல்ல பொருள். மருத்துவம் படித்த ஒருவரே நம்பிப் போகும் அளவுக்கு அந்தச் சந்தை கட்டுப்பாடில்லாமல் வளர்ந்திருந்தது என்பதுதான் செய்தி. உருவக் குறை நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய சிகிச்சைகள் பெரும்பாலும் நிறைவு தருவதில்லை. ஒரு குறை சரியானதும் கவலை அடுத்த உறுப்புக்கு நகர்கிறது. சேமிப்பு கரைகிறது, நோய் அப்படியே இருக்கிறது.

துயரத்தின் ஆழத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சிகிச்சைக்கு வந்த உருவக் குறை நோயாளிகளிடம் அமெரிக்க மருத்துவர் காதரின் பிலிப்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், ஏறத்தாழக் கால் பங்கினர் வாழ்வில் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ஓசிடியும் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டில் இரண்டாவது அதிகமான எண் இது. நாடு முழுவதும் அப்படி இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். இவர்களில் எத்தனை பேரின் மனதில் இந்தச் சுழல் ஓடியது என்பதை எந்தப் பதிவேடும் கேட்டு எழுதவில்லை.

ஒரு மணி நேரம் என்ற அளவு

வெறும் சுத்தப் பழக்கத்தையும் நோயையும் பிரிப்பது எப்படி? 1989இல் வெய்ன் குட்மனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய யேல்-பிரவுன் அளவுகோலை உலகமெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். எதைக் கழுவுகிறீர்கள், ஏன் கழுவுகிறீர்கள் என்பதற்கு அது மதிப்பெண் போடுவதில்லை. ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, வேலை எவ்வளவு கெடுகிறது, எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்க்க முடிகிறது, எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது என்ற ஐந்தையே எண்ணத்துக்கும் செயலுக்கும் தனித்தனியாகக் கேட்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, வாழ்க்கையும் வேலையும் தடைபட்டாலோ அதை நோயாகக் கொள்ளலாம் என்பது பொதுவான வரையறை. ஷிஃப்டையும் அரை ஷிஃப்டையும் பீஸ் ரேட்டையும் வைத்து வாழும் திருப்பூருக்கு இதைவிட எளிதாகப் புரியும் அளவு வேறில்லை. ஒரு மணி நேரம் என்றால் எத்தனை பீஸ், எத்தனை ரூபாய் என்று டெய்லருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிகிச்சையும் புதிரல்ல. லண்டனில் விக்டர் மேயர் 1966இல் பதிவு செய்த வழிமுறை இன்றும் அதன் முதுகெலும்பு. பயப்படும் பொருளைச் சிறுகச் சிறுக நெருங்க வேண்டும், ஆனால் சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பதும், பூட்டை ஒரே முறை பார்த்துவிட்டு நடப்பதும் பயிற்சி. பதற்றம் ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை உடல் கற்றுக்கொள்வதுதான் குணம். இதோடு ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஓசிடிக்கென்றே க்ளோமிப்ரமின் இருக்கிறது. இந்த மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், அளவும் கூடுதலாகத் தேவைப்படலாம். இதைச் சொல்லாமல் சீட்டு எழுதிக் கொடுத்தால், இரண்டு வாரத்தில் ‘மாத்திரை கேக்கல’ என்று நிறுத்திவிடுவார்கள். வீட்டாரும் அறைத்தோழிகளும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ‘பூட்டிட்டேனா?’ என்ற நூறாவது கேள்விக்கு ‘பூட்டிட்ட’ என்று அன்போடு பதில் சொல்வதும் நோய்க்குத் தீனி போடுவதே. அந்தப் பதிலை எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் அவர்களையும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு வாரம் ஒரு முறை, சில மாதங்கள் வர வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு காலையில் நடக்கிறது, கம்பெனியும் காலையில் திறக்கிறது. வாரம் அரை நாள் கூலியை இழந்து, காரணத்தைச் சூப்பர்வைசரிடம் பொய்யாகச் சொல்லி, மாதக்கணக்கில் வர யாரால் முடியும்? சிகிச்சை இருக்கிறது என்று சொல்வதற்கும் சிகிச்சை கிடைக்கிறது என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரம் இந்த அரை நாள்தான்.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு: இது வசதி படைத்தவர்களின் வியாதி. கூலியும் வீடும் பாதுகாப்பும் இல்லாதவர்களுக்கு மனதைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து ஆர்டர்கள் ஆட்டம் கண்ட காலத்தில் இந்த மறுப்புக்கு வலிமை கூடியது. கூலிக்கான போராட்டம் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓசிடி வசதியைப் பார்த்து வருவதில்லை. வசதி உள்ளவருக்கு அது கண்டுபிடிக்கப்படுகிறது, இல்லாதவருக்கு அது சோம்பலாகவும் பேய்க்கோளாறாகவும் பெயர் பெறுகிறது. வேலை போகும் பயம் இருக்கும் காலத்தில் பதற்ற நோய்கள் கூடும், குறையாது. நோயால் முதலில் இழப்பதும் கூலிதான். எனவே கூலியையும் மனதையும் எதிரெதிரே நிறுத்துவது தொழிலாளிக்கு இருமடங்கு இழப்பு.

இரண்டாவது மறுப்பு முதலாளிகளிடமிருந்து வரும்: தொழில்தான் நோயைத் தருகிறது என்கிறீர்களா? இல்லை. ஓசிடியில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செக்கிங் வேலை யாருக்கும் ஓசிடியை உண்டாக்குவதில்லை. ஆனால் தூக்கமின்மையும் ஓயாத அழுத்தமும் அவமானமும் இருக்கும் நோயை மோசமாக்கும். கம்பெனி மீது இங்கே வைக்கப்படுவது குற்றச்சாட்டு அல்ல, கடமை. ஊசித்துண்டு யாருடைய தவறால் உடைந்தது என்று கேட்டுக்கொண்டிருக்காமல் அதைத் தேடி எடுக்கும் பொறுப்பை ஏற்ற தொழில், தன்னிடம் வேலை செய்யும் மனிதரின் வேதனைக்கும் அப்படி ஒரு ஒழுங்கை உருவாக்க முடியும்.

மூன்றாவது மறுப்பு தொழிற்சங்கத்தாரிடமிருந்து வரும்; மூன்றிலும் கனமானது இதுதான். கம்பெனி வைக்கும் கவுன்சலர் கம்பெனியின் ஆள். அவரிடம் சொன்னது எச்ஆர் மேசைக்குப் போகும், அடுத்த மாதம் வேலை போகும், அல்லது கூலி கேட்பவரை ‘மனநிலை சரியில்லாதவர்’ என்று ஒதுக்க அது பயன்படும். இந்தப் பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறும் உரிமையையும், நோய் பற்றிய தகவலை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் தந்திருக்கிறது. சட்டம் இருந்தால் போதாது, ஏற்பாடும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கவுன்சலருக்குச் சம்பளம் கம்பெனியிடமிருந்து நேரடியாகப் போகக் கூடாது, ஆலோசனை அறை ஆலைக்குள் இருக்கக் கூடாது. நம்பிக்கைக்கு வழி தொழிலாளிகள் வழியாகவே வர முடியும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்தில் முன்மாதிரி இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு எதிராக 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் எச்&எம், கேப், பிவிஎச் ஆகிய பையர்கள் பொறுப்பேற்றார்கள். தளத்தில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்று, பிரச்சினைகளைக் கண்டு சொல்லும் கண்காணிப்பாளர்களானார்கள். சக தொழிலாளியின் காதில் முதலில் விழும் சொல், மேலாளரின் காதில் ஒருபோதும் விழாது.

செய்யக்கூடியவை

மருத்துவம் மக்கள் போகும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தமிழ்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். பின்னாளில் அதே ஏர்வாடியில், தர்காவின் பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்துத் தரும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையோடு சண்டை போடாமல் அதன் வாசலிலேயே மருத்துவர் உட்கார்ந்தார். திருப்பூரில் அந்த வாசல் கம்பெனியும் விடுதியும் மருந்துக் கடையும்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், 2024இல் பணியிடங்களுக்கும் விரிந்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தொழிலாளி இருக்கும் இடத்தில் பரிசோதிக்கிறது. அதே பரிசோதனையில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: வேண்டாத எண்ணமோ திரும்பத் திரும்பச் செய்யும் செயலோ நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறதா? உடலின் ஏதோ ஒரு பகுதியைப் பற்றிய கவலை வேலையையும் மனிதர்களையும் தவிர்க்க வைக்கிறதா? ஆம் என்பவரை அனுப்பி வைக்க ஓர் இடம் வேண்டும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட, 100 படுக்கை கொண்ட இஎஸ்ஐ மருத்துவமனையும் இருக்கிறது. மாதம் ₹21,000 வரை சம்பளம் பெறுபவருக்கு இஎஸ்ஐ உரியது. நோய்க்காலத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி தரும் ஏற்பாடும் அதில் உண்டு. இந்த இரு இடங்களிலும் ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் முடிந்த மாலையிலும் மனநலப் பிரிவு இயங்கினால், அந்த அரை நாள் தூரம் மறையும்.

விடுதி வார்டன்களுக்கும் தோல் மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி போதும். நோயைக் குணப்படுத்த அல்ல, அடையாளம் கண்டு சரியான வாசலைக் காட்ட. ஆலையின் தீயணைப்பு வழியையும் கழிவறை எண்ணிக்கையையும் ஆடிட் செய்யும் பையர்கள், இந்தச் சேவைக்கான செலவில் பங்கெடுத்து, பீஸ் விலையில் அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்றே ஒரு வழி உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண், நாள் முழுவதும் கட்டணமின்றிப் பேசுகிறது. தமிழ் மட்டுமல்ல, இந்தி, ஒடியா உட்பட 20 மொழிகளில் அது கிடைக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர்கள் சென்னை ஸ்நேகாவின் 044-24640050 எண்ணையும் அழைக்கலாம். இந்த எண்கள் ஒவ்வொரு விடுதிக் கதவிலும் ஒவ்வொரு கேண்டீன் சுவரிலும் இருக்க வேண்டும்.

இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மருந்து இருக்கிறது, பயிற்சிமுறை அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது, சட்டம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கும் இஎஸ்ஐ பணமும் இருக்கிறது. இல்லாதது, இந்த வேதனையை வேதனை என்று ஒப்புக்கொள்ளும் முடிவு மட்டுமே. கவனமான ஆள் என்று பாராட்டும் முன் ‘தூங்குறீங்களா? கை ஏன் இப்படி வெடிச்சிருக்கு?’ என்று ஒரு சூப்பர்வைசர் கேட்கலாம். மினுக்கு என்று ஏசும் முன் ‘எத்தனை நாளா இந்தக் கவலை?’ என்று ஓர் அக்கா கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும் உண்மையை ஏற்றுக்கொள்ள, ஷிஃப்ட் முடிந்த பிறகும் திறந்திருக்கும் ஒரு மருத்துவ அறையை அரசும் தொழிலும் சேர்ந்து தர வேண்டும். தொழிலாளி கேட்பது சலுகையை அல்ல. அவர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட உரிமையை.